மாடிக்கு ஏறாத சிக்னல்

மகனுக்குப் பெண் பார்க்கப் புதுச்சேரிக்குப் போனபோது அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலை பார்க்கலாமா என்று. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, தாராளமாகப் பார்க்கலாம், நாங்கள் அதற்குக் குறுக்கே நிற்கிறவர்கள் இல்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது, தலைதான் ஆடும். ஐந்தாவதோடு நின்றுவிட்ட எனக்கு, அந்தத் தலையாட்டல் எந்த இடத்தில் கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை.

அவளுடைய வேலை இது: அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோவு, என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்து வைப்பார்களாம். அதைக் காதில் கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்ப வேண்டும். புதுச்சேரியில் இருந்த அவளுடைய ஆபீஸ் மேடம், நன்றாக வேலை செய்கிற பெண்ணாயிற்றே என்று, மடியில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊர் விருத்தாசலத்திலிருந்தே வேலை செய்ய விட்டார்கள். ஒரு மாதம் பார்ப்போம் என்று சொல்லித்தான் விட்டார்கள். காலை பத்திலிருந்து மாலை நாலு வரைக்கும் இன்டர்நெட் அறுபடக் கூடாது. அறுந்தால் அங்கே ஆபீசில் இவள் பெயருக்கு நேராகச் சிவப்பு விழுமாம். அந்த மாதத்துக்குள் சரிப்பட்டு வராவிட்டால் ஒன்று புதுச்சேரிக்கே திரும்பிப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். தினம் பஸ்ஸில் போய்வருகிற தூரமா அது. மகனோ திருப்பூரில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வருவான். அவளும் போய்விட்டால் மறுபடியும் நானும் வீட்டுக்காரரும் அந்த டிவியும்தான். அவள் வந்த இந்தக் கொஞ்ச நாளில் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு பேச ஒரு ஆள் இருந்தது. அதை இழக்க எனக்கு மனசில்லை. இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

டெலிபோன் ஒயர் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னல் வழியாகத்தான் வரும். முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. எங்கள் தெருவின் கோடியிலேயே இரண்டு பீங்கான் கம்பெனிகள். களிமண் லாரி வரும், ஃபியூஸ் கட்டை ஏற்றிய லாரி போகும். ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாள். "லாரிதான் கேக்குது அத்தே, டாக்டரு கேக்கவே இல்ல" என்றாள். அதனால் மாடியில் பின்பக்கத்து அறைதான் அவளுக்கு. கீழேயிருந்து மாடிக்கு ஒயர் இழுக்கச் சுவரில் ஓட்டை போட வேண்டும். வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்ததற்கே வீட்டு ஓனர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படித்தான் அந்தக் கம்பியில்லாத பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது.

பாலக்கரைப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் கொண்டுவந்து மாட்டினார். நாற்பது வயசு இருக்கும், பொறுமையான மனிதர். வெள்ளைப் பெட்டி, நாலைந்து பச்சை விளக்கு, பின்னால் ஒரு கொம்பு. இந்தக் கொம்பிலிருந்து காற்றிலேயே போய் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும் என்றார். வீட்டுக்காரர் கொம்புக்கு மேலே கையை வைத்து வைத்துப் பார்த்தார், ஏதாவது அடிக்கிறதா என்று. பாஸ்வேர்டு ஒன்று வைக்க வேண்டும், யாருக்கும் தெரியாத வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். வீட்டுக்காரர் அரை மணி நேரம் யோசித்து ஒரு வார்த்தை சொன்னார். அன்று சாயங்காலமே டீக்கடையில் நாலு பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டும் வந்தார்.

முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பிடித்தது சனியன்.

காலையில் எட்டிலிருந்து பத்து வரைக்கும் அப்போதெல்லாம் தினம் கரண்ட் கட். பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் அவள் மாடிக்குப் போவாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து "மாமா, போச்சு" என்று குரல் வரும். வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பெட்டியைப் பார்ப்பார். விளக்கெல்லாம் எரியும். ஒயரைப் பிடுங்கிச் சொருகுவார். "இப்போ?" என்பார். "வரல." மறுபடியும் பிடுங்குவார். கடைசியில் அவளே மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வருவாள். அவள் வந்து நின்றால் எல்லாம் சரியாக இருக்கும். மேலே போய் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆனால் மறுபடியும் போச்சு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஜோராக வரும். அப்போதுதான் பாதி வேலையை முடிப்பாள், ஒரு கையில் சோறும் ஒரு கையில் டைப்புமாக. இரண்டு மணிக்கு மேல் பழைய கதைதான்.

கடைக்காரருக்குப் போன் போட்டால் அன்றைக்கே வந்துவிடுவார். அவர் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் சிக்னல் கம்பம் மாதிரி நிற்கும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். காப்பி குடிப்பார். "நல்லாத்தானே இருக்குது?" என்பார். அவர் தெருமுனை திரும்பியதும் போய்விடும். ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் அப்படியே. பெட்டியைப் பீரோமேல் வைத்தார், ஜன்னலில் வைத்தார், மாடிப்படிக் கதவு ஓரம் ஸ்டூல் போட்டு வைத்தார், எங்கே வைத்தாலும் அவர் இருக்கும்வரை வரும். யாரோ திருட்டுத்தனமாக உங்கள் லைனை இழுக்கிறார்கள் என்று பாஸ்வேர்டை மாற்றினார். எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்ததே இவளுடைய ஒரு கம்ப்யூட்டர்தான். யார் எதை வைத்து இழுப்பது?

எனக்கும் எரிச்சல்தான். காலையில் எழுந்ததிலிருந்து இந்தப் பெட்டியைச் சுற்றியே வீடு நடந்தது. நான் குழம்பு தாளித்தாலும், வெங்காயச் சத்தத்தில் போச்சா வந்துச்சா கேட்கவில்லை என்பார் வீட்டுக்காரர். மிக்சியைப் போடக் கூடாது, அதனால் போகிறதோ என்னவோ. டிவியை அணை. ஃபேனை அணை. ஒரு மத்தியானம் முழுக்க ஆடி மாசப் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதும் போனதுதான் மிச்சம்.

பெட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருந்தது நான்தான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு என்ன இருந்தது? நான் செய்ததெல்லாம் தூசி விழாமல் பார்த்துக்கொண்டதுதான்.

எங்கள் தெருத் தூசியை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பீங்கானுக்கு அரைக்கிற மண் மாவு மாதிரி இருக்கும். ஆடிக் காற்றில் அது பறந்து வந்து படியும். துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் வெள்ளையாய் இருக்கும். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் எதையும் திறந்து வைக்க மாட்டோம். குடம், மிக்சி, டிவி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று கவிழ்ந்திருக்கும். பெட்டிக்கும் இரண்டாம் நாளே ஒரு துண்டைப் போட்டேன். மருமகள் பார்த்துவிட்டு, "துணி போடாதீங்க அத்தே, சூடாயி எரிஞ்சிடும். காத்து போவணும்" என்றாள். நியாயம்தானே. சோறு வடிக்கவும் கீரை அலசவும் என்னிடம் எவர்சில்வர் கூடை ஒன்று உண்டு. அடியிலும் பக்கத்திலும் பொடிப்பொடியாகக் கண் போட்டது. அதைக் கவிழ்த்தேன். காற்றும் போகும், தூசியும் விழாது, கண் வழியாகப் பச்சை விளக்கும் தெரியும். கொம்பை மட்டும் மடக்கிவிட வேண்டும். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

லாரி வர ஆரம்பிக்கிற பத்து மணிக்குக் கவிழ்ப்பேன். சோறு வடிக்கப் பன்னிரண்டரைக்கு எடுப்பேன். பாத்திரம் கழுவி இரண்டு மணிக்கு மறுபடியும் கவிழ்ப்பேன். சமையல்கட்டுச் சாமான் முன்னறையில் கிடப்பதை மருமகளோ வெளியாளோ பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அதனால் மாடிப்படியில் கால் சத்தம் கேட்டால் எடுத்துவிடுவேன். கடைக்காரர் வருகிறார் என்றால் எடுத்து, கொம்பையும் நிமிர்த்தி, துடைத்து வைப்பேன். வீட்டுக்காரர் கூடையைப் பார்த்தே இருப்பார். ஆனால் நான் எதன் மேல் எதைக் கவிழ்த்தாலும் அது அவர் கண்ணில் படுகிற விஷயம் இல்லை. பெட்டியைப் பார்க்க எழுந்து வந்தால் கூடையைத் தூக்கி என் கையில் கொடுப்பார், ஒயரைப் பிடுங்கிச் சொருகுவார், கையை நீட்டி வாங்கித் திரும்பவும் கவிழ்த்துவிட்டுத்தான் "இப்போ?" என்று கேட்பார்.

எட்டாவது தடவை வந்தபோது கடைக்காரர், மருமகள் நோட்டில் எழுதி வைத்திருந்த நேரங்களைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். பத்திலிருந்து பன்னிரண்டரை போகிறது. இரண்டிலிருந்து நாலு போகிறது. நடுவே வருகிறது. "பீங்கான் கம்பெனியில சாப்பாட்டு டைம் எப்பங்க?" என்று கேட்டார். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு. மண் அரைக்கிற மில் அந்த நேரம்தான் நிற்கும். மில் மோட்டார் ஓடுவதால் வோல்டேஜ் இறங்குகிறது, அதில் பெட்டி திணறுகிறது என்றார். எனக்குக்கூட அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது.

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷம் அந்தக் கம்பெனியில் சூளை போட்டவர் அவர்.

"மில்லு ஓடுனா பல்பு கொஞ்சம் மங்கும், ஒத்துக்குறேன். காத்துல போறத மில்லு எப்படிங்க புடிக்கும்? நீ வித்த பொட்டி சொத்தைன்னு சொல்லு, கேட்டுக்குறேன். எங்க கம்பெனி மேல போடாத."

கடைக்காரர் ஸ்டெபிலைசர் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அது புதன்கிழமை. அன்று சாயங்காலமே மருமகள் போய் வாங்கி வந்தாள். மேடம் கொடுத்த மாதத்தில் இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அதே சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் கூடையைக் கேட்டாள். வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம், முருங்கைக்கீரை மூட்டையாக வருமாம். கொடுத்து அனுப்பினேன். பெட்டியின் மேல் தூசி விழட்டும், இரண்டு நாள்தானே.

வியாழனும் வெள்ளியும் சிக்னல் ஒரு நொடி போகவில்லை. மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடமுக்குப் போன் போட்டு, மோட்டார்தான் மேடம் காரணம், இப்போது சரியாகிவிட்டது, இனிமேல் போகவே போகாது என்று உறுதியாகச் சொன்னாள். வீட்டுக்காரர் மட்டும் ஸ்டெபிலைசரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி மேல் பழி நிரூபணம் ஆகிவிட்டதே.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரி கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். கழுவித் துடைத்துப் பத்து மணிக்குக் கவிழ்த்தேன்.

பத்தேகாலுக்கு மேலே "போச்சு" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. பதினோரு மணிக்கு மேடமே போன் செய்துவிட்டார்கள். முன்னறையில் நின்று அவள் பேசியதை நானும் கேட்டேன். மோட்டார் என்றாள், ஸ்டெபிலைசர் என்றாள், அந்தப் பக்கம் கேட்கிறதாகத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, "தெனம் ஒரு காரணம் சொல்றேனாம். திங்கக்கெழம நேர்ல வந்து உக்காரச் சொல்றாங்க. நாளைக்குச் சாயங்காலம் கெளம்புறேன் மாமா" என்றாள். மாடிக்குப் போய்ப் பையை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்துவிட்டாள். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. இன்றைக்கு இருக்கிற வேலையையாவது முடித்துக் கொடுக்கிறேன் என்று மறுபடியும் மேலே போனாள். வீட்டுக்காரர், அந்த ஆளை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பாலக்கரைக்குக் கிளம்பினார்.

நான் பாத்திரம் கழுவி, கூடையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து கவிழ்த்தேன்.

மேலேயிருந்து, "போச்சு. வெளங்கும்" என்றாள்.

படியில் கால் சத்தம் கேட்டதும் வழக்கம்போல் கூடையை எடுத்தேன். அவள் பாதிப் படியில் நின்றிருக்க வேண்டும். மேலே கம்ப்யூட்டர் கிணுங் என்றது. திரும்பி ஏறினாள். "வந்துட்டுது அத்தே, இருங்க, ஒண்ணும் தொடாதீங்க" என்றாள்.

என் கையில் கூடை. இதை நான் இதற்கு முன்னால் எப்படி யோசிக்காமல் இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. மெல்லக் கவிழ்த்தேன். பத்து எண்ணுவதற்குள் "போச்சு" என்றாள். எடுத்தேன். "வந்துட்டுது." கவிழ்த்தேன். எடுத்தேன். ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் அந்தப் பெண் மேலேயிருந்து போச்சு, வந்துட்டுது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பைத்தியம் பிடித்த மாதிரி. எவர்சில்வரைத் தாண்டி அது வராது போலிருக்கிறது. கண் வழியாக எனக்கு விளக்கு தெரிந்ததே ஒழிய அதற்கு வழி கிடைக்கவில்லை.

கூடையைச் சமையல்கட்டில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சிக்னல் தானாகச் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். அப்படி நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தானாகச் சரியாகிவிட்டது என்று இவள் சொன்னால் அந்த மேடம் நம்பவா போகிறார்கள்? வெள்ளிக்கிழமை சொன்னதையே நம்பவில்லை. நாளைக்குப் பை கிளம்பிவிடும். அங்கே பாலக்கரையில் ஒரு நல்ல மனிதரை என் வீட்டுக்காரர் திருடன் என்று கத்திக்கொண்டிருப்பார்.

கூடையோடு மாடிக்குப் போனேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் வேலை நேரத்தில் அந்த அறைக்குள் நான் போனதில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்ன அத்தே என்றாள். நான் கூடையைத்தான் நீட்டினேன். வாய் வரவில்லை. அப்புறம் வந்தது. இதைத்தான் பெட்டி மேல் கவிழ்த்தேன், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும், நீ வந்தால் எடுத்துவிடுவேன், கடைக்காரர் வந்தால் எடுத்துவிடுவேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இத்தன நாளா?"

"மூணாவது நாள்லேருந்து."

"அத்தே, நான் ஃபேன நிறுத்திட்டு வேர்த்து ஒழுகி உக்காந்திருந்தேனே. அப்பவும் இது மேலதான் இருந்துச்சா?"

இருந்தது என்று தலையாட்டினேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. நான் அழக்கூட இல்லை, கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. செல்போனை எடுத்து நம்பரை அழுத்தி என் கையில் வைத்தாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. எம் பேச்சுக்கு அங்க மதிப்புப் போச்சு. நீங்க சொல்லுங்க."

மகனிடம் பேசுவதற்கே எனக்குப் போனில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. வேண்டாம் என்று கையை இழுத்தேன். அவள் விடவில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் யாரும்மா என்று கேட்டது.

"நான் அவ மாமியாருங்க" என்றேன். "அவமேல ஒண்ணும் தப்பு இல்லிங்க. தூசி விழுதுன்னு அந்தப் பொட்டி மேல நான்தான் எவர்சில்வர் கூடையக் கவுத்து வெச்சேன். சோறு வடிக்கிற கூடைங்க. எடுத்தா வருது, கவுத்தா போயிடுது. இப்பத்தான் பாத்தேன். இனிமே கவுக்க மாட்டேங்க. அவள வரச் சொல்லாதீங்க."

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு, என்ன கூடை என்றீர்கள் என்று கேட்டார்கள். சோறு வடிக்கிற கூடை என்று மறுபடியும் சொன்னேன். கண் போட்டதா என்றார்கள். ஆமாம் என்றேன். போனை அவளிடம் கொடுங்கள் என்றார்கள்.

மருமகள் சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போனை வைத்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

"தெனம் நான் சொன்ன காரணத்தையெல்லாம் பொய்யின்னுதான் நெனச்சாங்களாம்" என்றாள். "இத மட்டும் யாராலயும் யோசிச்சு சொல்ல முடியாதாம். அதனால நம்புறாங்களாம். இன்னும் ஒரு மாசம் குடுத்திருக்காங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "எழுந்திருங்க அத்தே, எனக்கு நாலு மணிக்குள்ள அனுப்பணும்" என்று என்னைக் கிளப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டில்மேல் பாதி துணி வைத்த பை திறந்து கிடந்தது. அதிலிருந்த சேலைகளை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, பாலக்கரைக்குப் போன வீட்டுக்காரரைத் திரும்ப வரச் சொல்ல வேண்டுமே என்று கீழே இறங்கினேன்.